ஒரே பெயரில் இரண்டு அட்டைகள்

அன்புள்ள குமரன்,

இங்கு அனைவரும் நலம்; உங்கள் நலம் அறிய ஆவல். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலிருந்து, பழைய வயர்லெஸ் அட்டைகளை இயக்கும் ஹோஸ்ட்ஏபி டிரைவரை நீக்கிவிட்டார்கள் என்று படித்ததும் உங்கள் நினைவுதான் வந்தது. பராமரிக்க ஆளில்லாத பழைய வயர்லெஸ் டிரைவர்கள் சிலவற்றோடு அதுவும் போயிற்று.

ஒரே பெயரும் ஒரே மாடல் எண்ணும் அச்சிட்ட இரண்டு வயர்லெஸ் அட்டைப் பெட்டிகளை நாம் ஒன்றாக வாங்கியது நினைவிருக்கிறதா? உங்கள் அட்டையைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. என்னுடையது அசையவே இல்லை. அதன் பின்புற ஒட்டுத்தாளில், எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'வி2' என்றிருந்ததைப் பிறகுதான் கவனித்தோம். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே சில்லை மட்டும் மாற்றியிருந்தார்கள். டிரைவர் பேசுவதோ சில்லோடுதான்.

உங்களுடையது பிரிசம் சில்லு. பீக்கன் எனும் அறிவிப்புச் சமிக்ஞையை அனுப்புவது போன்ற நேரம் தவறக்கூடாத வேலைகளை அதன் ஃபர்ம்வேர் (அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பார்த்துக்கொள்ள, மற்ற நிர்வாகத்தையெல்லாம் யௌனி மாலினென் எழுதிய ஹோஸ்ட்ஏபி டிரைவர் ஏற்றுக்கொண்டதால், உங்கள் மடிக்கணினியே மற்ற கணினிகள் இணையும் ஆக்சஸ் பாயிண்டாக மாறியதை நான் வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்டிஐஎஸ்ராப்பர் என்ற மென்பொருள்தான் கதி. விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஏற்றும் அந்த வழி துணிச்சலானதுதான். ஆனால் 12 கிலோபைட் ஸ்டாக் (நிரல் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவிடம்) இருக்குமென்று நம்பி எழுதப்பட்ட டிரைவரை 4 கிலோபைட் ஸ்டாக் கொண்ட கெர்னலில் ஏற்றினால் என்ன ஆகும்? திரை உறைந்தது, விசைப்பலகையின் விளக்குகள் மட்டும் சிமிட்டின. ஸ்டாக்கைப் பெரிதாக்கி, கெர்னலை மறுபடி கம்பைல் செய்து முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

பிராட்காம் நிறுவனத்தின் வயர்லெஸ் சில்லுகளுக்கு லினக்ஸ் டிரைவர் எழுத உழைத்தவர்களை இன்றும் மதிக்கிறேன். ஒரு குழு, மூலநிரல் வெளியிடப்படாத நிறுவன டிரைவரைப் பிரித்துப் படித்து விவரக்குறிப்பு எழுத, அந்த டிரைவரைப் பார்க்காத இன்னொரு குழு குறிப்பை மட்டும் கொண்டு புதிதாக எழுதியது. 2006-இல் 2.6.17 கெர்னலில் அது சேர்ந்தது. அப்போதும் ஃபர்ம்வேரைச் சேர்த்து வழங்க உரிமையில்லாததால், பயனர்களே அதை நிறுவனத்தின் டிரைவர் கோப்பிலிருந்து வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. நிறுவனம் ஓர் ஆவணம் கொடுத்திருந்தால் இவ்வளவு பாடு தேவைப்பட்டிருக்காது.

ஹோஸ்ட்ஏபி நீக்கத்தால் எனக்கு வருத்தமில்லை. அதன் மூலநிரல் பழைய கெர்னல்களில் இருக்கிறது. வேண்டுமானால் யாரும் எடுத்துத் தூசி தட்டலாம். என் அட்டைக்குக் கிடைத்ததோ 32 பிட் கோப்பு ஒன்றுதான். 64 பிட் கெர்னலுக்கு அது உதவாது, திருத்திக்கொள்ள மூலநிரலும் இல்லை.

அந்த அட்டைகளைச் செருகும் பிசிஎம்சிஐஏ துளையுள்ள மடிக்கணினி ஒன்றைப் பழைய கெர்னலோடு இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் அட்டை பத்திரமாக இருந்தால் அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
மாறன்