அழைப்பின் நிமிடங்களை எண்ணாதீர்கள்: தொலைச் செவிலியர் சேவை நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது தொலைபேசியிலும் காணொளியிலும் நோயாளிகளைக் கவனித்துவரும் செவிலியர் நான். எங்கள் மாத அறிக்கையில் முதலில் வரும் 'சராசரி அழைப்பு நேரம்' என்ற கணக்கை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். அந்த எண் குறைந்தால் எங்களுக்குப் பாராட்டு கிடைக்கிறது. கூடினால் விளக்கம் கேட்கிறீர்கள். பொருள் விற்கும் அழைப்பு மையத்துக்கு அது பொருந்தலாம். நோயாளியைக் கவனிக்கும் இடத்தில் அது ஆபத்தானது.

அந்த நிமிடங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு தாய் அழைக்கிறார். கைக்குழந்தைக்குச் சளி, காய்ச்சல், இரவெல்லாம் தூக்கமில்லை. திரையில் இருக்கும் கேள்விகளை மளமளவென்று கேட்டு முடித்துவிடலாம். ஆனால் குழந்தை எப்படி மூச்சுவிடுகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். சட்டையை விலக்கச் சொல்கிறேன். வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து அவர் வாய்விட்டு எண்ணுகிறார்; நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இடையில் குழந்தை அழுதால் அந்த எண்ணிக்கை செல்லாது. அமர்த்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2 மாதம் நிறைந்து ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவை மூச்சு எட்டினாலே அது வேக மூச்சு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. பிறகு, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே மார்பு உள்வாங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி, தொலைபேசியைக் குழந்தையின் வாயருகே பிடிக்கச் சொல்லிக் காதுகொடுத்துக் கேட்கிறேன். இதில் எந்த நிமிடத்தைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?

பெரியவர்களுக்காகப் பெரும்பாலும் வேறு யாராவதுதான் அழைக்கிறார்கள். "அப்பாவுக்குக் கொஞ்சம் இளைப்பு, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார்" என்கிறார் மகன். அதை அப்படியே எழுதிக்கொண்டால் அழைப்பு சீக்கிரம் முடிந்துவிடும். அப்பாவிடம் கொடுங்கள் என்று கேட்டு, அவர் மெல்ல எழுந்து வரும்வரை காத்திருந்தால்தான், மூன்று சொல்லுக்கு ஒருமுறை அவர் நிறுத்தி மூச்சு வாங்குவது காதில் விழும். விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டலாம். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அந்த எண்ணை நம்ப முடியாது. கருமையான தோலில் அந்தக் கருவி ஆக்சிஜன் அளவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் 2020-ல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. எண் ஒன்று சொல்லி, குரல் வேறு சொன்னால் நான் குரலைத்தான் நம்புவேன். தொட்டுப் பார்க்கவும் புண்ணின் வாடையை உணரவும் முடியாத எனக்கு வேறு துணையும் இல்லை.

இது என் தனிப்பட்ட நம்பிக்கை மட்டும் அன்று. குடும்ப மருத்துவர்களின் பணிநேரம் முடிந்தபின் வரும் அழைப்புகளைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கையாண்டால் என்ன ஆகும் என்று இங்கிலாந்தில் சோதித்தார்கள். 1998-ல் வெளிவந்த முடிவின்படி, ஏறக்குறைய பாதி அழைப்புகளை மருத்துவரிடம் அனுப்பாமல் செவிலியர்களே முடித்துவைத்தார்கள். ஆபத்தான விளைவுகள் கூடவில்லை.

இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்து நடந்த இரண்டு ஆய்வுகளையும் நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். 2010-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நோயாளிகள் தினமும் தானியங்கிக் குரலின் கேள்விகளுக்கு எண்களை அழுத்தி எடையையும் அறிகுறிகளையும் பதிவுசெய்தார்கள். மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. ஏழில் ஒருவர் அந்த ஏற்பாட்டைத் தொடவே இல்லை. 2018-ல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில், மருத்துவர்களும் செவிலியர்களும் இரவு பகலாகப் பணியில் இருந்து, நோயாளிகளின் வீட்டிலிருந்து வந்த அளவீடுகளைப் பார்த்தார்கள், அவர்களிடம் பேசினார்கள். அங்கே இறப்பு குறைந்தது. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த முறையும் கருவிகளும் வேறு வேறுதான். ஆனாலும் மறுமுனையில் பேச ஓர் ஆள் இருந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஒரு அழைப்பு நீண்டால் வரிசையில் இருப்பவர் காத்திருக்க வேண்டுமே என்பீர்கள். நியாயமான கவலை, எனக்கும் அது உண்டு. அதற்கு ஆள் கூட்ட வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்று அழைப்பவர்களை உடனே எடுக்கத் தனி வழி வைக்க வேண்டும். மணி அடித்து எவ்வளவு நேரத்தில் முதல் குரல் எடுக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள், நான் வரவேற்கிறேன். எடுத்தபின் எவ்வளவு நேரம் பேசுவது என்பதை மட்டும் செவிலியரிடம் விட்டுவிடுங்கள்.

அளக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. வீட்டிலேயே இருக்கலாம் என்று நாங்கள் சொன்னவர்களில் எத்தனை பேர் மறுநாளுக்குள் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள்? எத்தனை பேர் அதே தொல்லைக்காக மறுபடி அழைத்தார்கள்? சொன்ன அறிவுரையை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்டோமா? சந்தேகம் தீராத நோயாளியை இரண்டு மணி நேரம் கழித்து நாங்களே அழைத்துப் பார்க்கப் பணிநேரத்தில் இடம் இருந்ததா?

இலக்கைத் தாண்டியதாக நீங்கள் குறித்துவைத்திருக்கும் அழைப்புகளில் பத்தை எடுங்கள். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் செவிலியர்களோடு உட்கார்ந்து, அவற்றின் ஒலிப்பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். எந்த இடத்தில் அழைப்பைத் துண்டித்திருக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொலைச் செவிலியர்