கடைசிப் பாகத்தைக் கொண்டு ஒரு தொடரை எடைபோட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொம்மைகளை அடிப்படையாகக் கொண்டு உருவாகும் வீடியோ கேம்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவ்வகை கேம்கள் அனைத்தும் பொம்மை விற்பனைக்கான விளம்பரங்களே என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதற்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டது, 2014 ஜூன் மாதத்தில் வெளிவந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: ரைஸ் ஆஃப் தி டார்க் ஸ்பார்க்'. அந்த கேம் தரம் குறைந்தது என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது ஒரு தொடரின் கடைசிப் பாகம் என்பதையும், அதற்கு முன்பு வந்த இரண்டு பாகங்கள் அதே பொம்மைகளைக் கொண்டு எத்தனை உயர்ந்த படைப்பைத் தந்தன என்பதையும் அவர் சொல்லாமல் விட்டது முறையாகப் படவில்லை. மூன்றையும் காசு கொடுத்து வாங்கி, முதலிரண்டைப் பலமுறை ஆடி முடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளை ஜப்பானின் டகாரா நிறுவனத்தின் வடிவமைப்புகளிலிருந்து எடுத்து, 1984இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. காரையோ விமானத்தையோ மடக்கித் திருப்பினால் ஒரு இயந்திர மனிதன் எழுந்து நிற்பான். அந்தப் பொம்மையின் இன்பம் முழுவதும் கையால் செய்யும் அந்த உருமாற்றத்தில்தான் இருக்கிறது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹை மூன் ஸ்டூடியோஸ் நிறுவனத்தார். அவர்கள் உருவாக்கி ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட 'வார் ஃபார் சைபர்ட்ரான்' 2010இலும், 'ஃபால் ஆஃப் சைபர்ட்ரான்' 2012இலும் வந்தன. அந்த ஆண்டுகளில் வந்துகொண்டிருந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படங்களின் கதையை அவர்கள் தொடவேயில்லை. பூமிக்கு வருவதற்கு முன்பு, சொந்தக் கிரகமான சைபர்ட்ரானில் ஆட்டோபாட்கள், டிசெப்டிகான்கள் என்ற இரு இயந்திர மனித அணிகளுக்கு இடையே நடந்த உள்நாட்டுப் போரை எடுத்துக்கொண்டு, அந்தக் கிரகம் சிறிது சிறிதாக உயிரிழப்பதைச் சொன்னார்கள்.

இரண்டாம் பாகத்தில் வரும் கிரிம்லாக் என்ற பாத்திரம் ஒன்றே என் வாதத்துக்குப் போதும். மற்ற பாத்திரங்களில் பெரும்பாலானவை ஒரு பொத்தானை அழுத்தியதும் வாகனமாக மாறிவிடும். கிரிம்லாக் அப்படி மாறமாட்டான். ஷாக்வேவ் என்ற டிசெப்டிகான் விஞ்ஞானி தன் சோதனைக்கூடத்தில் அவனைச் சிதைத்து, வேறொரு கிரகத்தில் கண்ட விலங்கின் உருவத்தை அவன் உடலுக்குள் புகுத்தியிருக்கிறான். எதிரிகளை அடிக்க அடிக்க அவனுடைய ஆத்திரம் ஏறி, அதைக் காட்டும் அளவுகோல் நிரம்பிய பிறகுதான் அவன் டைனோசராக மாற முடியும். மாறிய பின் சில நொடிகளுக்கு அவனை எதிர்த்து எவராலும் நிற்க முடியாது. ஒரு பொம்மையின் உருமாற்றத்தை ஒரு பாத்திரத்தின் வேதனையாகவும் கோபமாகவும் ஆக்கி, அதை ஆடுபவரின் விரல் நுனிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதை வெறும் விளம்பரம் என்று எப்படிச் சொல்வது? அதே பாகத்தின் தொடக்கத்தில் நாம் பம்பிள்பீ என்ற ஆட்டோபாடாக ஆடுகிறோம். தப்பிச் செல்லும் ஆட்டோபாட்களின் ஆர்க் விண்கப்பலை எதிரிகள் தாக்குகிறார்கள். ஆட்டோபாட்களின் தலைவன் ஆப்டிமஸை நோக்கி டிசெப்டிகான்களின் தலைவன் மெகாட்ரான் சுடும்போது பம்பிள்பீ குறுக்கே பாய்ந்து அந்தக் குண்டைத் தன் மேல் ஏற்றுக்கொள்கிறான். அங்கிருந்து கதை ஆறு நாள்கள் பின்னோக்கிப் போகிறது. சுற்றி வந்து மீண்டும் அந்த இடத்தை அடையும்போது, அந்தக் குண்டுக்காகவே காத்திருந்தவர்களாக நாம் இருக்கிறோம்.

இவற்றில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் பாகத்தின் உலோகத் தாழ்வாரங்கள் ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். இரண்டாம் பாகத்திலோ கதைப்பகுதியைச் சேர்ந்து ஆடும் வசதியையே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் பாகத்தை உருவாக்கும் பணி டெக்சாஸ் மாநிலத்தின் எட்ஜ் ஆஃப் ரியாலிட்டி நிறுவனத்திடம் போனது. கைமாறியதைக் குறையாகச் சொல்லமாட்டேன். புதியவர்கள் பழைய தொடர்களுக்குப் புத்துயிர் கொடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. கேடு விளைந்தது, அதுவரை படங்களைச் சாராமல் நின்ற தொடரை ஒரு படத்தோடு கட்டிவைத்ததில்தான். 'ஏஜ் ஆஃப் எக்ஸ்டிங்ஷன்' படம் அமெரிக்காவில் 2014 ஜூன் 27 அன்று திரைக்கு வந்தது. கேம் அதற்கு மூன்று நாள்கள் முன்பு கடைகளுக்கு வந்தது. கதையின் ஒரு பகுதி அந்தப் படங்களின் பூமியில் நடக்கிறது, மற்றொரு பகுதி முதலிரண்டு பாகங்களுக்கு இடைப்பட்ட காலத்துச் சைபர்ட்ரானில் நடக்கிறது. இரண்டையும் பிணைப்பதற்கென்று டார்க் ஸ்பார்க் என்ற ஒரு மந்திரப்பொருளைக் கொண்டுவந்து, பூமியில் அந்தப் படத்தின் வில்லனான லாக்டவுனும் சைபர்ட்ரானில் மெகாட்ரானும் அதைத் தேடுவதாக வைத்தார்கள். படங்களின் ஆப்டிமஸுக்கும் சைபர்ட்ரான் ஆப்டிமஸுக்கும் தோற்றம் வேறு, கடந்த காலம் வேறு. குரல் நடிகர் பீட்டர் கல்லனின் கம்பீரமான குரல் ஒன்றுதான் இருவருக்கும் பொது. அந்தக் குரலை மட்டும் பாலமாக வைத்து, சேராத இரண்டு உலகங்களைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்ததன் விளைவாக, படத்தின் ரசிகருக்கும் அது முழுமையாகக் கிடைக்கவில்லை, தொடரின் ரசிகருக்கும் கிடைக்கவில்லை.

சைபர்ட்ரான் பகுதிகளை ஆடியபோதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது. முந்தைய பாகங்களில் கண்ட ஆயுதங்களும் எதிரிகளும் சுவர்களும் மறுபடியும் வந்தன, ஆனால் அவற்றுக்குப் பின்னாலிருந்த உயிர் வரவில்லை. ஒரு அறைக்குள் நுழைகிறோம், கதவு மூடிக்கொள்கிறது, எதிரிகள் அலையலையாக வருகிறார்கள், அத்தனை பேரையும் சுட்டு முடித்ததும் அடுத்த கதவு திறக்கிறது, அங்கும் அதே காட்சி. அதோடு, முன்கதைக்குள் இடைச்செருகலாக வைக்கப்பட்ட நிகழ்ச்சிகள் என்பதால், எந்தப் போரில் எவர் பிழைப்பார் என்பது ஆடுபவருக்கு முன்பே தெரியும். இரண்டாம் பாகத்தில் பொறுக்கிச் சேர்த்த எனர்ஜான் என்ற எரிபொருள் துண்டுகளைக் கொண்டு நமக்கு வேண்டிய ஆயுதத்தை நாமே தேர்ந்து மேம்படுத்தினோம். இங்கே 'கியர் பாக்ஸ்' என்று பெட்டிகளைத் தருகிறார்கள், திறந்தால் கிடைப்பது நம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

எனக்கு இன்னொரு ஏமாற்றமும் உண்டு. முதல் பாகத்தின் கதைப்பகுதியை இணையம் வழியே மூவர் வரை சேர்ந்து ஆடலாம். அப்போது என் தம்பி வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை இரவுகளில் நான் இங்கிருந்தும் அவன் அங்கிருந்தும் சேர்ந்துகொள்வோம். ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் குண்டுமழைக்கு நடுவே ஓடிச்சென்று எழுப்பிவிட வேண்டும். "அண்ணா, நான் வரேன், அசையாம இரு" என்று ஹெட்செட்டில் அவன் பதறுவது இன்றும் என் காதில் இருக்கிறது. மூன்றாம் பாகம் வந்தபோது அவன் படிப்பை முடித்து வீட்டுக்கே வந்திருந்தான். சேர்ந்து ஆடலாம் என்று ஆசையோடு கேம் தட்டைப் போட்டால் கதைப்பகுதி ஒருவருக்கு மட்டுமே, எதிரெதிர் அணியாக மோதும் ஆட்டமும் அடியோடு நீக்கப்பட்டிருந்தது. எதிரிகளின் அலைகளைக் கூட்டாகச் சமாளிக்கும் 'எஸ்கலேஷன்' மட்டும் மிஞ்சியது. இரண்டு மாலைகள் ஆடிவிட்டுத் தம்பி முதல் பாகத்தின் தட்டை எடுத்து வரச் சொன்னான்.

2015இல் பிளாட்டினம் கேம்ஸ் உருவாக்கிய 'டிவஸ்டேஷன்' நன்றாகவே இருந்தது, ஆனால் அது பழைய கார்ட்டூனின் வழியில் போன தனிக் கதை. சைபர்ட்ரான் தொடர் டார்க் ஸ்பார்க்கோடு நின்றுபோனது. 2017ஆம் ஆண்டு முடிந்தபோது ஆக்டிவிஷன் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கேம்கள் ஸ்டீம் உள்ளிட்ட டிஜிட்டல் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. இன்று அவற்றை ஆட விரும்புகிறவர் பழைய தட்டு எங்கேனும் கிடைக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. நல்ல இரண்டு பாகங்கள் எளிதில் கைக்கு எட்டாத நிலையில், இத்தகைய கட்டுரைகளின் வழியேதான் புதிய வாசகர்கள் இந்தத் தொடரை அறிகிறார்கள். அதனால்தான் கடைசிப் பாகத்தை மட்டும் எடுத்துக்காட்டியதை என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

'ஃபால் ஆஃப் சைபர்ட்ரான்' முடியும்போது ஆர்க் கப்பலும் எதிரியின் நெமிசிஸ் கப்பலும் ஒரு விண்வாயிலுக்குள் இழுக்கப்பட்டு மறைகின்றன. அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைத்தான் மூன்றாம் பாகம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் கதையைப் பின்னோக்கித் திருப்பியதே என் முதன்மையான குற்றச்சாட்டு. கட்டுரையாளர் முதலிரண்டு பாகங்களையும் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டுத் தம் கருத்தை மீண்டும் எழுத வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தட்டு கிடைக்காவிட்டால் என்னுடையவற்றைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.