மாதர் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

அக்காமார், தங்கைமார் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல், மகளிர் தினம், தீபாவளி மூன்றும் வழக்கம்போல் சமூக மன்றத்தில் நடந்தன. செயற்குழு தவறாமல் கூடியது.

இந்த ஆண்டு நான் பிடிவாதமாக நடத்தியது பெண்ணுறுப்புத் தொற்றுகள் பற்றிய சந்திப்பு. "இதையெல்லாம் சபையில் பேசலாமா?" என்று கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப்பட்டால் உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறோம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 23 முதல் 29 பேருக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ், அதாவது பெண்ணுறுப்பில் நல்ல கிருமிகள் குறைந்து மற்றவை பெருகும் கோளாறு, இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு பேருக்கு வருவதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

டாக்டரம்மா நன்றாக விளக்கினார். லாக்டோபசில்லஸ் என்ற நல்ல கிருமிகள் லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருப்பதால் மற்ற கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் இது ஒரே மாதிரி இல்லை. 2011இல் அமெரிக்காவில் நோய்க்குறி எதுவும் இல்லாத 396 பெண்களைப் பரிசோதித்தபோது வெள்ளையர், ஆசியர் இரு பிரிவிலும் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களிடம் லாக்டோபசில்லஸ்தான் மேலோங்கி இருந்தது. கறுப்பின, ஹிஸ்பானியப் பெண்களில் அது 60 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது, ஆனாலும் அவர்கள் நோயாளிகள் இல்லை. அதில் ஆசியர் என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டார்கள், தமிழ்ப் பெண்களைத் தனியாகப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

கேள்விகளைப் பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு மைலோ டின்னில் போடச் சொன்னோம். "மாதவிடாய் நின்ற பிறகு எரிச்சல், யாரிடம் சொல்வது" என்று ஒரு சீட்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் நல்ல கிருமிகளும் குறையும், அதற்கு மருந்து உண்டு, பலதுறை மருந்தகத்திலேயே கேட்கலாம் என்றார் டாக்டரம்மா. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும், இது நம் இந்தியக் குடும்பங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய விஷயம். வாசனைத் திரவம் ஊற்றி உள்ளே கழுவவே கூடாது. மீன் வாடை அடித்தால் ஒரு மருந்து, தயிர்த் திப்பி போல வெள்ளைப்பட்டு அரித்தால் வேறு மருந்து, அதனால் தோழி சொன்ன களிம்பை வாங்கிப் பூசாதீர்கள்.

இவ்வளவும் பாதி காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்தது. வாட்ஸ்அப்பில் "கட்டாயம் வருவோம்" என்று போட்டவர்கள், கூட்டத்தில் கை தூக்கி ஆதரித்த செயற்குழுவினர் சிலர்கூட, எட்டிப் பார்க்கவில்லை. தீபாவளி விருந்துக்கு மட்டும் இடம் போதவில்லை. எனக்கு இது மனசு நோகிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மண்டப வாடகை, சிற்றுண்டி போகக் கொஞ்சம் கையிருப்பு. சந்தாவைப் பலர் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை, நினைவூட்டினால் பதிலும் வருவதில்லை.

தலைவிக்கும், டாக்டரம்மாவுக்கும், நாற்காலி அடுக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இதையே ஒரு ஞாயிறன்று நம் வீடுகளில் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பணிப்பெண்களுக்காக நடத்த ஆசை, அவர்களுக்குக் கேட்க ஆள் இல்லை. நிலுவைச் சந்தா வந்தால் மண்டபம் எடுக்கலாம், வராவிட்டால் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் வைக்க வேண்டியதுதான், ஆனால் அங்கே இதைப் பேச முடியாது. பதிவேடு நுழைவாயில் மேசையில் இருக்கிறது, சந்தாவை இன்றே கட்டலாம்.