கொல்லைக் கதவில் 14 குழிகள்

திருச்சி,
மார்கழி 9

அன்புள்ள சேதுவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆடியில் நீ எழுதிய கடிதத்துக்கு மார்கழியில் பதில் எழுதுவது எனக்கு மிகவும் உறுத்தலாக இருக்கிறது. "நீ வாங்கியிருப்பதைப் போன்ற ஒரு சி.என்.சி. ரவுட்டரைக் கயலுக்கு வாங்கித் தரலாமா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். கணினியின் கட்டளைப்படி தானே நகர்ந்து மரத்தைச் செதுக்கும் அந்த இயந்திரத்தில் ஒரு பொருளையாவது முழுமையாகச் செய்து பார்க்காமல் அதற்குப் பதில் சொல்வது நியாயமாகாது என்று நினைத்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் அது நிறைவேறியது.

கும்பகோணத்து வீட்டை இடித்த அன்று, கொல்லைக் கதவிலிருந்து பிரித்த தேக்குப் பலகை ஒன்றை என் கையில் கொடுத்து, "எதற்காவது ஆகும், வைத்துக்கொள்" என்றாய். அந்தப் பலகையில்தான் உன் அம்மாவின் பல்லாங்குழியைச் செதுக்கியிருக்கிறேன். உன் அக்கா அனுப்பிய பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்தேன். இரண்டு வரிசை, வரிசைக்கு 7 குழிகள், ஒவ்வொன்றும் 36 மில்லிமீட்டர் அகலம், 14 மில்லிமீட்டர் ஆழம், பக்கத்துக் குழிகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் சுவர் என்று கணக்கிட்டால் மொத்த நீளம் 276 மில்லிமீட்டர் வருகிறது. என்னுடையது 3018 என்று சொல்லப்படும் சிறிய வகை. நீளவாக்கில் 300, அகலவாக்கில் 180 மில்லிமீட்டருக்குள் எதையும் வெட்டும். உன் அம்மாவே அளவு சொல்லி அனுப்பியதைப் போல அந்தப் பலகை அதற்குள் அடங்கிவிட்டது.

பெட்டியில் வந்ததைப் பூட்டி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். அலுமினியச் சட்டங்கள், மூன்று திசைக்கும் சிறு சிறு அடிகளாகத் திரும்பும் ஒவ்வொரு ஸ்டெப்பர் மோட்டார், மரத்தை வெட்டும் முனையான பிட்டைச் சுழற்ற ஒரு ஸ்பிண்டில் மோட்டார், ஒரு கட்டுப்பாட்டுப் பலகை, அவ்வளவுதான். அந்தக் கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற நிரலை நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் எழுதத் தொடங்கினார். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். 32 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கிவிடும் அந்த நிரல், மூன்று மோட்டார்களையும் ஒரே நேரத்தில் இசைத்து ஒரு வளைவை வரைவதை முதல் நாள் பார்த்தபோது, பாலிடெக்னிக்கில் கடைசி வரை நம்மைத் தொட விடாமல் கண்ணாடி அறைக்குள் பூட்டி வைத்திருந்த அந்த ஒற்றை இயந்திரம்தான் நினைவுக்கு வந்தது. நீ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதை இன்றைக்கும் என் மனைவியிடம் சொல்லிச் சிரிக்கிறேன்.

பூட்டுவது எளிது, வெட்டுவதுதான் கல்வி. முதல் வாரம் பயத்தில் நிமிடத்துக்கு 150 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் நகர்த்தினேன். மெதுவாகப் போனால் மரத்துக்கு நல்லது என்று எண்ணியது முற்றிலும் தவறு. பிட் மரத்தை வெட்டாமல் தேய்த்தது, சூடேறியது, குழியின் ஓரம் கருகி வீடெல்லாம் புகை நாற்றம் வீசியது. பிறகு உட்கார்ந்து கணக்கிட்டேன். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்று சுற்றுகிறது. பிட்டுக்கு வெட்டும் விளிம்புகள் இரண்டு. ஒவ்வொரு விளிம்பும் ஒவ்வொரு சுற்றிலும் 0.03 மில்லிமீட்டர் சீவ வேண்டுமானால் இயந்திரம் நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் நகர வேண்டும். அந்த வேகத்துக்கு மாற்றி, ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்ததும் கருகல் நின்றது, தூளுக்குப் பதிலாகச் சீவல் உதிர்ந்தது. லேத்தின் முன் நின்று, உதிர்வதைக் கையில் அள்ளிப் பார்த்தே உளியின் நிலையைச் சொல்லிவிடுவாரே நம் பட்டறை வாத்தியார், அவர் செய்தது என்ன என்பது இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

வட்டங்களும் என்னைப் படுத்தின. சோதனைக்கு வெட்டிய முதல் வட்டத்தின் மேலும் கீழும் இடமும் வலமும் நான்கு இடங்களில் சிறு தட்டை விழுந்திருந்தது. மோட்டார் திசை மாறும்போது திருகுக்கும் நட்டுக்கும் இடையில் இருக்கும் தளர்வு அந்த நான்கு இடங்களில்தான் வெளிப்படும். திருகில் 4 மில்லிமீட்டர் நகர மோட்டார் 3,200 சிற்றடிகள் வைக்கிறது, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 800. அவ்வளவு நுட்பமான கணக்கையும் ஒரு தளர்ந்த நட்டு வீணாக்கிவிடும். ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டைப் பொருத்திய பிறகுதான் வட்டம் வட்டமாயிற்று.

பலகையில் கை வைக்கும் முன் காந்தத்தால் அதன் மேற்பரப்பு முழுவதையும் தடவினேன். நல்லவேளை, தலை முறிந்து உள்ளே தங்கியிருந்த பழைய இரும்பாணிகள் மூன்று கிடைத்தன. அவற்றில் ஒன்று சரியாக இரண்டாம் குழியின் நடுவில் இருந்தது. பிட் அதில் மோதியிருந்தால் முனை முறிந்து முகத்தில் தெறித்திருக்கும். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் பிட் சீக்கிரம் மழுங்குகிறது. இந்த ஒரு பலகைக்கு மூன்று பிட்டுகள் செலவாயின. ஆனால் மேலே படிந்திருந்த கறுப்பைச் சுரண்டியதும் உள்ளிருந்து எழுந்த மணமும் அந்தப் பொன்னிறமும் அந்தச் செலவையெல்லாம் மறக்கச் செய்துவிட்டன.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இந்த இயந்திரத்துக்குக் கண் கிடையாது. பூஜ்ஜியம் எங்கே என்று நாம் காட்டிக் கொடுத்த புள்ளியிலிருந்து அடிகளை எண்ணிக்கொண்டு போவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். பலகையின் மேற்பரப்புக்கும் பிட்டுக்கும் நடுவே ஒரு தாளை வைத்து, தாள் லேசாகச் சிக்கும் வரை பிட்டை இறக்கி, அதுதான் உயரத்தின் பூஜ்ஜியம் என்று குறித்தேன். ஒரு குழிக்கு அரை மணி நேரம். 10 குழிகள் இரண்டு நாட்களில் பிழையின்றி முடிந்தன. பதினோராவது குழி பாதியில் இருந்தபோது மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று நம்பிக் காபி குடிக்கப் போனேன். ஆனால் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மடிக்கணினியின் யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் வந்துகொண்டே இருந்தது. மடிக்கணினி தன் பேட்டரியில் கட்டளைகளை அனுப்ப, மோட்டார்கள் செத்துக் கிடப்பதை அறியாத கட்டுப்பாட்டுப் பலகை அடிகளை எண்ணிக்கொண்டே போயிற்று. நான்கு நிமிடங்கள் கழித்து மின்சாரம் திரும்பியபோது, தான் குழிக்குள் வேறோர் இடத்தில் இருப்பதாக நினைத்த இயந்திரம், உண்மையில் பக்கத்துச் சுவரை அறுக்கத் தொடங்கிவிட்டது. சத்தம் மாறியதைக் கேட்டு ஓடி வந்து சுவிட்சை அணைப்பதற்குள், பதினோராவது குழிக்கும் பன்னிரண்டாவது குழிக்கும் இடையிலுள்ள சுவரில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வடு விழுந்துவிட்டது. உன் வீட்டுப் பலகை, சேது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பலகையின் மூலையில் முன்பே ஒரு 2 மில்லிமீட்டர் துளை போட்டு அதையே பூஜ்ஜியமாக வைத்திருந்ததால் பழைய இடத்தைத் திரும்பப் பிடிக்க முடிந்தது. அதன் பிறகு மூன்று திசைகளுக்கும் லிமிட் சுவிட்சுகள் பொருத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இயந்திரம் தானாக மூலைக்குச் சென்று, சுவிட்சைத் தொட்டு, தன் இருப்பிடத்தை உறுதிசெய்துகொள்கிறது. இயந்திரத்தின் இணைப்பையும் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாற்றிவிட்டேன். கயலுக்கு வாங்கினால் இந்த இரண்டையும் முதல் வெட்டுக்கு முன்பே செய்துவிடு. செதுக்கும்போது யாராவது ஒருவர் இயந்திரத்தின் அருகிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நீ லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் மாதம் இயந்திரத்தைக் கூடத்து மூலையில்தான் வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் மின்விசிறிக் காற்றில் பரவி வீடெங்கும் படிந்தது. மூன்றாவது வாரம் என் மனைவிக்கு இருமல் வந்தது, பிறகு வீசிங் ஆயிற்று, ஒருநாள் நள்ளிரவில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடும்படி ஆயிற்று. மரத்தூள் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. தேக்குத் தூள் தோலில் அரிப்பையும் ஆஸ்துமாவையும் தூண்டக்கூடியது. இதை வாங்கிய பிறகு படித்தேனே தவிர வாங்கும் முன் படிக்கவில்லை. இப்போது இயந்திரம் மாடிப்படிக்குக் கீழுள்ள அறையில், பிளைவுட் பெட்டிக்குள், அக்ரிலிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பிட்டின் அருகிலேயே வாக்குவம் கிளீனரின் குழாயைக் கட்டியிருக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போது என்-95 முகக்கவசம் இல்லாமல் திறப்பதில்லை. மனைவி இப்போது நலமாக இருக்கிறாள். உங்கள் அடுக்குமாடி வீட்டில் தனி அறையோ மூடிய பால்கனியோ ஒதுக்க முடியாதென்றால் கயலுக்கு இதை வாங்கித் தராதே. ஒதுக்க முடியுமென்றால் தாராளமாக வாங்கு. அவளுக்குப் பொறுமையும் கணக்கும் இரண்டும் உண்டு, என்னைவிட விரைவில் கற்றுக்கொள்வாள். முதலில் குமிழ் மரம் போன்ற மிருதுவான மரத்தில் பழகட்டும்.

எழுத மறந்துவிட்டேன், மணியன் வந்து பலகையைப் பார்த்தான். குழிகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தவன், ஒரு குழியில் நான்கு சோழி சேர்ந்ததும் உன் அம்மா "பசு!" என்று கூவி அள்ளிக்கொள்வாரே, அதை அப்படியே அவர் குரலில் சொன்னான். பிறகு இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயிற்று, ஆளி எண்ணெய் மட்டும் இன்னும் பூசவில்லை. அந்த வடுவைத் தேக்குத் தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிடலாம், அடைத்தாலும் உற்றுப் பார்த்தால் தெரியும். அல்லது அப்படியே விட்டுவிடலாம். பலகை உன்னுடையது என்பதால் நீதான் சொல்ல வேண்டும். எண்ணெய் பூசிவிட்டால் பசை பிடிக்காது, ஆகவே இந்த வாரத்துக்குள் எழுது. பொங்கலுக்கு மணியன் உங்கள் ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். சோழிகள் அக்காவிடம்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
ரங்கன்