அரைக்காதனுக்குச் சிவப்பு அட்டை கொடு

தங்கச்சிமடம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கதையையும் படங்களையும் படித்து முடித்தேன். அம்மாவும் கூடவே உட்கார்ந்து பார்த்தாள். பந்தாடும் நரிக்கு அரைக்காதன் என்று பெயர் வைத்தாயே, அதுவே எனக்கு முதலில் பிடித்துவிட்டது. நாய்களிடம் கடிபட்டு ஒரு காது பாதி போனது, தாய் இல்லாமல் உச்சிப்புளிப் பக்கத்துக் கருவேலங்காட்டில் தனியாக வளர்ந்தது, கரையில் காயப்போட்ட கருவாட்டைத் திருடியே வயிறு கழுவியது, இதுவரைக்கும் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். நரி முகத்தில் முழித்தால் நல்லது நடக்கும் என்று சொல்கிற அதே ஊர், அந்த நரி வாசலுக்கு வந்தால் கல்லை எடுக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைத் திரும்பவும் படித்தேன்.

மிருகம் பந்தாடுவதை யார் நம்புவார்கள் என்று ஒருவர் கேட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டிருந்தாய். வருத்தப்படாதே. கால்பந்துக்கும் மிருகங்களுக்கும் பழைய உறவு. 1966 இல் இங்கிலாந்தில் நடந்த உலகக்கோப்பைக்குச் சின்னமாக இருந்தது வில்லி என்ற சிங்கம். உலகக்கோப்பைக்கு வந்த முதல் சின்னமே அதுதான். அதே வருஷம் மார்ச் மாதம், போட்டி தொடங்கும் முன்பே, காட்சிக்கு வைத்திருந்த கோப்பை திருடுபோய்விட்டது. ஒரு வாரம் கழித்து லண்டனில் ஒரு வேலியோரம் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த அதைக் கண்டுபிடித்தது பிக்கிள்ஸ் என்ற நாய். 2018 இல் ரஷ்யாவுக்கு ஓநாய் சின்னம். ஓநாய்க்கு இடம் உண்டென்றால் நரிக்கு மட்டும் ஏன் இல்லை?

சரி, எனக்கு ஒப்பாத இடங்களுக்கு வருகிறேன். பந்து காட்டுக்குள் உருண்டு வருகிறது, அரைக்காதன் அதைக் கடித்துக் கிழிக்கிறான். அடுத்த பக்கத்திலேயே பேராமை ஆசான் அவனைக் கூப்பிட்டு நல்ல வார்த்தை சொல்லி அணியில் சேர்த்துவிடுகிறார். இது அவசரம். இத்தனை வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், அறிவுரை கேட்டு எந்தப் பயலும் மைதானத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. என்னிடம் வந்த முரட்டுப் பயல்கள் எல்லாம் முதலில் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்தான். எல்லை தாண்டினான் என்று பிடித்துக்கொண்டு போன அப்பன் அக்கரைச் சிறையில் இருப்பான். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பார். பயல் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கரையில் கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து விற்பான். கூப்பிட்டால் ஓடிவிடுவான். ஆனால் பந்து முள்ளுக்குள் போனால் எடுத்து எறிவான். சில நாள் கையால் எறிந்தவன் ஒரு நாள் காலால் உதைத்து அனுப்புவான். உள்ளே ஆடுகிற ஒருவன், இவன் யார் எவன் என்று யோசிக்காமல், பந்தை அவனுக்கே திருப்பித் தட்டிவிடுவான். அவ்வளவுதான், அன்றைக்கே அவன் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டான். அரைக்காதனுக்கும் அப்படி இரண்டு பக்கம் கொடு. கருவேல முள்ளுக்குள் நுழைந்து பந்து எடுக்க அவனைவிட்டால் யார் இருக்கிறார்கள்? வெள்ளாட்டுக் குட்டி அவனுக்கு ஒரு பந்தைத் தட்டிவிடட்டும். ஆசான் வாயே திறக்க வேண்டாம்.

அப்புறம், ஆட்டத்தின் நடுவில் அவன் பழைய கோபத்தில் எதிரணி ஆட்டின் காலைக் கடிக்கிறான், அழுகிறான், கொக்கு நடுவர் மன்னித்துவிடுகிறார். வேண்டாம் மகளே. சிவப்பு அட்டையைக் காட்டச் சொல். மஞ்சளும் சிவப்பும் முதன்முதலில் வந்தது 1970 மெக்சிகோ உலகக்கோப்பையில். நடுவர் சொல்வது வேறு பாஷைக்காரனுக்குப் புரியாமல் போனதால், சாலையில் எரியும் சிக்னல் விளக்கைப் பார்த்துக் கென் ஆஸ்டன் என்ற இங்கிலாந்து நடுவர் யோசித்த ஏற்பாடு அது. ஒருவர் ஊளையிட, ஒருவர் கனைக்க, ஒருவர் கரையும் உன் மைதானத்துக்கு அதைவிடப் பொருத்தமாக வேறு என்ன இருக்கிறது? சிவப்பு அட்டை வாங்கினால் அவனுக்குப் பதிலாக இன்னொருவர் இறங்க முடியாது. மிச்சம் பத்துப் பேர்தான் ஓட வேண்டும். அவன் வெளியே உட்கார்ந்து, தன் பங்குக்கும் சேர்த்து அந்தக் குட்டி ஆடு மூச்சிரைக்க ஓடுவதைப் பார்க்கட்டும். அடுத்த ஆட்டத்துக்கும் அவன் கிடையாது. காட்டில் அவன் செய்த தப்புக்கு அவன் மட்டும்தான் அடிவாங்கினான். இங்கே மற்றவர்கள் கஷ்டப்படுகிறார்கள். அவன் திருந்துவதை அந்தப் பக்கத்தில் வரை, நிறைய இடம் விட்டு வரை.

சின்னத் திருத்தங்கள் இரண்டு. கடைசி ஆட்டத்தில் கச்சான் காற்று அடிக்கிறது, எதிரணியில் பூநாரைகள் ஆடுகின்றன. கச்சான் அடிக்கும் ஆனி ஆடியில் தனுஷ்கோடியில் பூநாரைக் கூட்டம் ஏது? அவை குளிர்காலத்தில் வருகிற விருந்தாளிகள். ஆட்டத்தைத் தை மாதத்துக்கு மாற்று, வாடைக்காற்று அடிக்கட்டும். அந்தக் காற்றில் பந்தைத் தூக்கி அடித்தால் கடலுக்குத்தான் போகும், அதனால் தரையோடு தட்டி ஆடுகிற அணிதான் ஜெயிக்கும். குட்டை ஆடுகளும் நரியும் ஜெயிக்க அதுவே நியாயமான காரணம்.

இன்னொன்று, இடிந்த தேவாலயச் சுவரைக் கோல் கம்பமாக வரைந்திருக்கிறாய். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே போனது. செத்தவர்களின் சொந்தங்கள் இன்னும் நம் தீவில் இருக்கிறார்கள். அந்தச் சுவரில் பந்து படக் கூடாது. இரண்டு பனங்கட்டையை நட்டுவிடு.

கடைசியாக, எனக்கு ரொம்ப முக்கியமானது. அரைக்காதன் கோல் போட்டதும், கருவாடு பறிகொடுத்த பாட்டி ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடிக்கிறாள், எல்லாத் திருட்டும் மறந்துபோகிறது. அவள் ஏன் மறக்க வேண்டும்? வெயிலில் நின்று மீனைக் கீறி, உப்புப் போட்டு, மணலில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்தவள் அவள். அவன் தின்றது அவளுடைய அரிசியும் பேத்தியின் பள்ளிச் செலவும். ஒரு கோல் அதற்கு ஈடாகாது. நன்றாக ஆடுகிறவன் என்பதற்காக ஊர் அவனை மன்னித்தால், ஆடத் தெரியாத நரிக்குட்டிக்கு என்ன வழி? கோப்பைக்கு முன்பே அவன் அவளிடம் போகட்டும். தினமும் காலையில் பயிற்சி முடிந்ததும் அவள் கருவாட்டுக்குக் காவல் இருக்கட்டும், காக்காயை விரட்டட்டும். அவள் முதலில் கல்லை எடுக்கட்டும், எடுத்த கல்லைக் கீழே போட அவளுக்கு நாளாகட்டும். கோல் விழும்போது அவள் கூட்டத்தில் எங்கேயோ நின்று கை தட்டினால் போதும்.

உனக்கு வேலை கூடுகிறது, தெரியும். ஆனால் இதைப் படிக்கப்போகிற பிள்ளைகளில் கோட்டுக்கு வெளியே நிற்கிறவன் ஒருவனாவது இருப்பான். அவன் கையில் இந்தக் கதை சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. உன்னால் முடியும் என்று தெரிந்துதான் இவ்வளவு எழுதினேன்.

மாற்றி வரைந்த பக்கங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன் அனுப்பிவை. எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளை எழுதி அனுப்புகிறேன். அம்மா நெத்திலிக் கருவாடு கொடுத்து அனுப்புகிறாள், டப்பாவை இறுக்கி மூடி வை.

அன்புடன்,
அப்பா