தையல் தெரிகிற படம்

அன்புள்ள கதிருக்கு,

‘ஸ்டார் வார்ஸ்: தி க்ளோன் வார்ஸ்’ படத்தைப் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் நிலா தூங்கிவிட்டாள், நீயும் அணைத்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். “இதையாம்மா எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க?” என்று கேள்வி வேறு. இதை யாரும் தலையில் தூக்கி வைக்கவில்லைடா. இதற்குப் பின்னால் இதே பெயரில் வந்த டிவி தொடரைத்தான் கொண்டாடுகிறார்கள். படத்தைப் பற்றி நீ சொன்ன குறைகள் எல்லாமே சரி. ஆனால் தொடரையும் சேர்த்து மூட்டை கட்டப் போவதாகச் சொன்னாயே, அதற்கு முன் இதைப் படித்துவிடு.

அது படமாக எடுக்கப்பட்டதே இல்லை. கார்ட்டூன் நெட்வொர்க்கில் வாராவாரம் ஓட்டுவதற்காக, ஒவ்வொன்றும் சுமார் 22 நிமிடம் என்று செய்துகொண்டிருந்த எபிசோடுகள். முடிந்த காட்சிகளைப் பார்த்த, ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸுக்கு, தியேட்டரிலேயே போடலாம் என்று தோன்றிவிட்டது. நாலு எபிசோடை ஒட்டுப்போட்டு 98 நிமிடமாக்கி 2008 ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்டார்கள். தொடர் அக்டோபர் 3 அன்று தொடங்கியது. செலவு சுமார் 85 லட்சம் டாலர். மூன்று வருடம் முன்னால் வந்த ‘எபிசோடு 3’ என்ற ஸ்டார் வார்ஸ் சினிமாவுக்கு ஆனது 11 கோடிக்கு மேல். உலகம் முழுக்க வசூல் 6.8 கோடி டாலர் வந்தது. போட்ட காசுக்கு லாபம்தான். ஸ்டார் வார்ஸ் என்ற பெயருக்கு அது சில்லறை.

தையல் எங்கெங்கே தெரிகிறது என்று சொல்கிறேன். 22 நிமிட எபிசோடு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு க்ளைமாக்ஸ் வேண்டும். அப்படி நாலைச் சேர்த்தால் ஒரே உயரத்தில் நாலு குன்று வரும், மலை வராது. முதல் குன்று கிறிஸ்டோஃப்சிஸ் என்ற கிரகத்தில் நடக்கும் போர். எதிரியின் கேடய ஜெனரேட்டரை உடைக்கிறார்கள், ஜெடாய் என்ற போர்த்துறவிகளின் மூத்த குரு யோடா படையோடு வந்து சேர்கிறார், இளம் ஜெடாய் அனகின் அசோகா என்ற சிறுமியைத் தன் சிஷ்யையாக ஏற்றுக்கொள்கிறான். அங்கே கதை முடிந்தே போய்விட்டது! பிறகு ஹட் இனத்துக் கொள்ளைத் தலைவன் ஜப்பாவின் குழந்தையை மீட்க டெத் கிரகம், அங்கே மடாலயத்தில் சண்டை, அங்கிருந்து தப்புவது, கடைசியில் டாட்டூயின் பாலைவனம் என்று மறுபடி மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டியிருக்கிறது. அனகினின் மனைவி பத்மேவின் கதையோ பிற்பாதியில் திடீரென்று கதவைத் தட்டுகிறது. தலைநகர் கிரகமான கோரசான்ட்டில் ஜப்பாவின் சித்தப்பா சீரோவைப் பார்க்கப் போகிறாள், மாட்டிக்கொள்கிறாள், த்ரீபியோ என்ற ரோபோ காப்பாற்றுகிறது. படமாக எழுதியிருந்தால் இந்த இழையை முதல் இருபது நிமிடத்திலேயே நட்டிருப்பார்கள். நிலா தூங்கியது இதை ஒட்டித்தான் இருக்கும். குழந்தைமேல் குற்றமில்லை.

தொடக்கமும் அப்படித்தான். மஞ்சள் எழுத்து மேலேறிப் போகவில்லை, ஃபாக்ஸ் நிறுவனத்தின் அந்த முரசும் இல்லை, ஏனென்றால் விநியோகம் வார்னர் பிரதர்ஸ். பதிலுக்கு இரண்டாம் உலகப் போர் காலத்து நியூஸ்ரீல் மாதிரி ஒரு குரல் படபடவென்று நிலவரத்தை ஒப்பிக்கிறது. டிவிக்கு இது நல்ல உபாயம். தொடரில் ஒவ்வொரு எபிசோடும் ஆத்திசூடி மாதிரி ஒரு வரியோடு ஆரம்பித்து, இந்தக் குரல் அரை நிமிடத்தில் முன்கதையைச் சொல்லி, நேராகச் சண்டைக்குள் தள்ளிவிடும். தியேட்டரில் ஆர்கெஸ்ட்ராவுக்காகக் காத்திருந்தவனுக்கு அது ஏமாற்றமாகத்தானே இருக்கும்?

‘எல்லாரும் மரப்பொம்மை மாதிரி இருக்காங்க’ என்றாயே, அது மட்டும் தவறி நடந்ததல்ல. ஜெர்ரி ஆண்டர்சனின் ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்ற 1960களின் பிரிட்டிஷ் பொம்மைத் தொடரின் சாயல் வேண்டும் என்று கேட்டவர் லூகாஸ்தான். அனகினின் குரு ஓபி-வானின் தாடியை, படத்தை நிறுத்திப் பார். செதுக்கின ஒரே கட்டி, அதன்மேல் பிரஷ்ஷால் இழுத்த வண்ணக் கோடு. கணினி அனிமேஷனில் காசைத் தின்பது முடியும் துணியும். ஒவ்வொரு இழையும் மடிப்பும் அசைவுக்கேற்ப எங்கே விழும் என்று கணக்கிட்டாக வேண்டும். டிவி பட்ஜெட்டில் அது கட்டாது, அதனால் கட்டியாகவே செதுக்கிவிட்டார்கள். பாத்திரங்களும் அப்படித்தான். ஒரு க்ளோன் (ஒரே ஆளின் நகலான குடியரசு வீரன்) மாடல் செய்தால் ஆயிரம் வீரர்கள், ஒரு ட்ராய்ட் (எதிரியின் ரோபோ) செய்தால் ஒரு படை. சாதாரண ஜனங்களுக்கோ ஆளுக்கொரு முகம், ஆளுக்கொரு உடை வேண்டும். கிறிஸ்டோஃப்சிஸ் அவ்வளவு பெரிய பளிங்கு நகரம், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, கவனித்தாயா? வரவேற்பறை டிவியில் இது உறுத்தாது. தியேட்டர் திரையில் ஊரே காலியென்று தெரிந்துவிடும். தொடர் போகப் போக இது சரியாகிறது. மூன்றாம் சீசன் 10-ம் எபிசோடிலிருந்து முக்கியமானவர்களுக்குப் புது உடை, புது மாடல்.

2008-ல் திட்டு இவ்வளவு பலமாக விழுந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதற்கு முன்பே, 2003 முதல் 2005 வரை, கெண்டி டார்டகோவ்ஸ்கி இதே போரை வைத்து இரட்டைப் பரிமாணத்தில் 25 குட்டிப் பகுதிகள் செய்திருந்தார். முதல் 20 பகுதிகள் ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் அளவுதான். வசனம் அதிகமில்லை, அசைவு மட்டுமே பேசும். அதைப் பார்த்து ருசி கண்டவர்களுக்கு இது சப்பென்று இருந்தது.

எல்லாப் பழியையும் தையல்மேல் போட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்றமடிக்கும் ஹட் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுவது எபிசோடாகப் பார்த்தாலும் அலுக்கத்தான் செய்யும். சீரோவுக்கு அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் குரல் சாயலைக் கொடுக்கச் சொன்னதும் லூகாஸ்தான். அந்த வேடிக்கை அவருக்கு மட்டும்தான் பிடித்திருந்ததோ என்னவோ. அசோகா அனகினை ‘ஸ்கைகை’ என்பதும், ஆர்ட்டூ என்ற ரோபோவை ‘ஆர்ட்டூயி’ என்பதும் மூன்றாவது தடவையே காதைக் குடைகிறது.

நல்லது இல்லாமலும் இல்லை. ஓபி-வான் சரணடைவதாக நடித்து, எதிரித் தளபதியோடு மேசை போட்டு உட்கார்ந்து, தேநீர் வேண்டுமென்று நேரம் கடத்துவான். அந்த நேரத்தில் அனகினும் அசோகாவும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு எதிரி அணிக்குள்ளேயே தவழ்ந்து போவார்கள். கேடய ஜெனரேட்டர் பக்கத்தில் அசோகா ஒரு சுவரையே அனகின்மேல் சாய்க்க, அதிலிருந்த ஓட்டை சரியாக அவன்மேல் வந்து விழும். பஸ்டர் கீட்டன் 1928-லேயே செய்து காட்டிய சேட்டை அது. டெத்தில் ஆறுகால் வாகனங்கள் செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஏறும் காட்சியையும் பார். இயக்குநர் டேவ் ஃபிலோனிக்கு இதுதான் முதல் தியேட்டர் படம். ஆளுக்கு எங்கே கை வரும் என்று அந்தப் பாறையில் தெரிகிறது.

இப்போது பார்க்கும் வரிசை. தயாரித்த வரிசையும் கதை நடக்கும் வரிசையும் வேறு, குழப்பமே அதனால்தான். கதைப்படி முதலில் வருவது இரண்டாம் சீசன் 16-ம் எபிசோடு, அடுத்து முதல் சீசன் 16, அதற்குப் பிறகுதான் படம். அந்த முதல் சீசன் 16-ஐ நீ தனியாகப் பார். அதே கிறிஸ்டோஃப்சிஸ்தான். க்ளோன்களுக்குள்ளேயே ஒருவன் எதிரிக்குத் தகவல் கொடுக்கிறான். பிடிபட்டதும், ஜெடாய்களுக்கு நாங்கள் அடிமைகள்தானே என்கிறான். 98 நிமிடப் படம் பக்கத்தில்கூடப் போகாத கேள்வி அது.

படத்தில் யோடா வந்து இறங்கும்வரை பார்த்தால் போதும். மீதிக்கு இரண்டு வரி: ஜப்பாவின் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்ததால் ஹட்டுகளின் விண்வழிகள் குடியரசுக்குத் திறந்தன, கடத்தலுக்கு உடந்தையாயிருந்த சீரோ சிறைக்குப் போனான். முதல் சீசன் 22-ல் சீரோவை வெளியே எடுக்க ஒரு கூட்டம் வரும்போது இது தெரிந்திருந்தால் போதும்.

அசோகாவுக்காக முதல் சீசன் 19. படத்தில் அவள் சொன்ன பேச்சு கேட்காதது துடுக்குத்தனம், விலை எதுவும் கொடுப்பதில்லை. இந்த எபிசோடில், ரைலோத் கிரக முற்றுகையில் திரும்பி வா என்ற கட்டளையை மீறுகிறாள், அவளை நம்பிப் பறந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அடுத்த தாக்குதலுக்கு அவளையே தலைமை ஏற்கச் சொல்கிறான் அனகின். 14 வயதுப் பெண்ணை நமக்குப் பிடித்துப்போவது அங்கேதான்.

நிலாவுக்கு முதல் சீசன் 1-ல் ஆரம்பி. யோடாவும் மூன்றே க்ளோன்களும் ஒரு ட்ராய்ட் படையும்தான் கதை. நடுவில் குகையில் ஒதுங்கும்போது யோடா மூன்று பேரையும் தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, முகம் ஒன்றானாலும் நீங்கள் ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை என்பார். அடுத்து மூன்றாம் சீசன் 1, முதல் சீசன் 5, மூன்றாம் சீசன் 2 என்று இந்த வரிசையில் போடு. ஒரே க்ளோன் அணியின் பயிற்சி, முதல் சண்டை, வளர்ச்சி. அத்தனை பேருக்கும் குரல் டீ பிராட்லி பேக்கர் ஒருவரே, ஆனாலும் யார் பேசுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே நீ சொல்லிவிடுவாய். 5-ம் எபிசோடில் ஒருவனை ஒரு ராட்சத விலாங்கு இழுத்துக்கொண்டு போகும், ஒருவன் வெடிகுண்டோடு பின்தங்கிவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

இரண்டாம் சீசன் 7, 8 இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். செத்தவர்கள் எழுந்து நடப்பார்கள், மூக்கு வழியாகப் புழு நுழையும், இரவில் உன்னைத்தான் எழுப்புவாள். நாலாம் சீசனில் 7 முதல் 10 வரையுள்ள அம்பாரா கதை உனக்கு, அவளுக்கு இன்னும் சில வருடம் போகட்டும். எல்லாம் சேர்த்து ஏழு சீசன், 133 எபிசோடு, 2020-ல்தான் முடிந்தது. அவசரமில்லை.

ஒன்று மட்டும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லி வை. அந்த 5-ம் எபிசோடில் க்ளோன் கேப்டன் ரெக்ஸ் அந்த விலாங்கைச் சுட்டுவிட்டு, அதன் நீல ரத்தத்தில் கையை நனைத்து, புத்தம்புதுக் கவசம் போட்ட ஒருவன் மார்பில் பதிப்பான். அந்தக் கைத்தடம் அதற்குப் பிறகு எத்தனை எபிசோடில் தென்படுகிறது என்று நிலாவை எண்ணச் சொல்.

அன்புடன்,
அம்மா