நிலக்காட்சி ஓவியம் மோனேவிலிருந்து தொடங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த நிலக்காட்சி ஓவியக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிரெஞ்சு ஓவியர் மோனே பற்றிய பகுதி அருமை. ஆனால் கட்டுரை 1870களில் தொடங்குகிறது. அதற்கு முன்பு யாரும் இயற்கையைக் கண் திறந்து பார்க்கவே இல்லை என்பது போல ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. அது சரியல்ல.

முப்பது வருடம் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். 'இயற்கைக் காட்சி வரையுங்கள்' என்று சொன்னால் போதும், பிள்ளைகள் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னைமரம் என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பெரியவர்களும் அதைச் சுலபமான பாடம் என்றுதான் நினைக்கிறார்கள். மலையும் மரமும் மட்டுமே ஒரு படத்துக்குப் போதும் என்பதை ஐரோப்பா ஏற்றுக்கொள்ள எத்தனை காலம் பிடித்தது என்று தெரிந்தால் அப்படி நினைக்கமாட்டார்கள்.

அங்கே நிலம் வெகுகாலம் பின்னணியாகத்தான் இருந்தது. 16ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் பாட்டினிரின் படங்களில் பாறையும் நதியும் பரந்து கிடக்கும், மூலையில் சிறியதாக ஒரு புனிதர் இருப்பார். அந்தப் புனிதர் இருந்தால்தான் அது படம். இருந்தாலும் 1521இல் ஜெர்மன் ஓவியர் டூரர் தன் குறிப்பேட்டில் பாட்டினிரை 'நல்ல நிலக்காட்சி ஓவியர்' என்றே எழுதினார். ஏறக்குறைய அதே சமயம் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் ஆல்ட்டார்ஃபர் என்ற ஓவியர் ஒரு மரப்பாலத்தை வரைந்தார். அதில் மனிதர் ஒருவரும் இல்லை. இன்று அது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது.

அப்புறம் 17ஆம் நூற்றாண்டு ஹாலந்து. சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) தேவாலயங்கள் படம் கேட்கவில்லை, வீட்டுச் சுவரில் மாட்ட ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். அந்நாட்டு ஓவியர் ராய்ஸ்டால் வரைந்த ஹார்லெம் நகரக் காட்சியில் பாதிக்கு மேல் வானம்தான். கீழே வெளுப்பதற்காக விரித்துப் போட்ட துணிகள் மீது வெயில் விழுந்திருக்கும். தட்டையான நிலத்தையும் மேகத்தையும் நம்பி ஒருவர் படம் வரையலாம், அதை விற்கவும் செய்யலாம் என்று காட்டிய இடம் அது.

ஆனால் பிரான்சில் 1667இல் கலை எழுத்தாளர் ஃபெலிபியான் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது வரலாற்று ஓவியம் மேலே இருந்தது. நிலக்காட்சிக்குப் பழம், பூ வரைவதற்கு ஒரு படி மேலே மட்டுமே இடம் கிடைத்தது. அந்தப் பார்வை லேசில் மாறவில்லை. ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிளின் வைக்கோல் வண்டிப் படத்தை 1821இல் லண்டனில் யாரும் வாங்கவில்லை. 1824இல் பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் மேகங்களை மட்டுமே தனியாக வரைந்து, பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் குறித்து வைத்தவர் அவர். பார்ப்பதற்கு அவ்வளவு உழைத்தார். 1841இல் தகரக் குழாயில் அடைத்த வண்ணம் வந்தது. வெளியில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைவது எளிதானது. மோனே இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறார்.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டுரையில் சீனா என்ற சொல்லே இல்லை. ஆல்ட்டார்ஃபருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சீனாவின் சோங் அரச காலத்தில் 'மலை-நீர்' என்ற நிலக்காட்சி ஓவியத்துக்கு மிக உயர்ந்த மதிப்பு இருந்தது. அக்கால ஓவியர் ஃபான் குவான் பட்டுத் துணியில் மையால் வரைந்த படம் தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 2 மீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி ஒரே மலை. வலது கீழ் மூலையில் சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள், கூட நடக்கும் ஆட்கள், எல்லாரும் எறும்பளவு. ஃபான் குவானின் கையெழுத்து இலைகளுக்குள் மறைந்திருந்ததை 1958இல்தான் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாம் பகுதி ஒன்று வெளியிட வேண்டுகிறேன். அதில் இந்தப் படத்தைத் தபால்தலை அளவில் போடாமல் முழுப் பக்கமாகப் போடுங்கள். கழுதைகள் அச்சில் தெரிய வேண்டும்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்